ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

போன வாரம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டிஜிட்டல் மருத்துவத்துக்கு அந்த நிலையம் தயாரா என்று மதிப்பிடும் படிவம் எங்கள் கையில். கணினி உண்டு, இணையம் உண்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர், பயிற்சி பெற்ற ஊழியர்கள். எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தோம்.

சீட்டு போடும் இடத்தில் ஓர் அக்காவிடம் ஓடிபி கேட்டார்கள். 14 இலக்க ஆபா எண் உருவாக்க வேண்டுமாம். அவருடைய ஆதாரில் இருந்ததோ அவர் களையெடுக்கப் போகும் தோட்டத்துக்காரரின் எண். ஆதார் எடுத்தபோது வீட்டில் போன் கிடையாது. "இப்ப அவருக்குப் போன் போட்டா, ஆஸ்பத்திரியில என்ன வேலைன்னு கேப்பாரு" என்றார். இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல்; சளிப் பரிசோதனைக்கு வந்திருந்தார். டிபி என்ற பேச்சு கிளம்பினாலே வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். திரும்பிப் போகப் பார்த்தார்.

2021-இல் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் ஆபா எண் கட்டாயமில்லை, விருப்பம்தான். சொன்னோம். நோட்டில் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுத்தார் ஊழியர். அவரைக் குறை சொல்ல மாட்டோம். மேலிருந்து தினமும் எண்ணிக்கை கேட்கிறார்கள். ஆனால் சாதியைப் பற்றி மேடைதோறும் பேசும் நாங்களே, போன் யார் கையில் என்ற கேள்வி படிவத்தில் இல்லாததை அதுவரை கவனிக்கவில்லை.

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினோம்: ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? மறுத்தால் சிகிச்சை உண்டா? காலனிக்காரரின் நோய் விவரம் ஊரில் யார் கண்ணில் படும்?

அடுத்த நிலையத்தில் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்கப் போகிறோம். அக்காவுக்குப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.