பால்மரம் இலை உதிர்த்த மாதம்

நம் நாட்டில் வெயிலும் மழையும்தான், வசந்தம் கிடையாது என்று பள்ளியில் படித்தோம். ஆனாலும் பிப்ரவரி, மார்ச் வந்தால் கோலாலம்பூர் சாலையோரங்களில் தெக்கோமா பூத்து, எல்லோர் கைப்பேசியும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. சில வாரம் காய்ந்து, பிறகு மழை விழுந்தால் அந்த மரம் பூக்கும். 'மலேசிய சக்குரா' என்கிறார்கள். வானொலியில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், நேயர்களுக்குப் பிடித்திருக்கிறது.

பந்திங்கில் இருக்கும் அம்மாவுக்கு இந்தப் பூவெல்லாம் கணக்கில் இல்லை. அவர் பால் வெட்டியவர். அவர் அறிந்த வசந்தம் ரப்பர் தோட்டத்தில் வந்தது. பிரேசில் காட்டு மரம் அது; 1877இல் சிங்கப்பூர் வழியாக இங்கே வந்துசேர்ந்த பிறகும், வறண்ட மாதத்தில் இலை உதிர்க்கும் பழக்கத்தை விடவில்லை. பிப்ரவரியில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகி மொத்தமாகக் கொட்டும். எப்போதும் இருண்டு கிடக்கும் நிரைகளில் வானம் தெரியும். கொஞ்ச நாளில் செம்பழுப்புத் தளிர், வாடியதுபோல் தொங்கும். அதன் காம்பில் கசியும் தேனுக்குத் தேனீக்கள் மொய்க்கும். பிறகு பொடி மஞ்சள் பூ, லேசான வாசனை.

லயத்துப் பிள்ளைகளுக்குச் சருகில் புரண்டு விளையாடக் கொண்டாட்டம். பெரியவர்களுக்கோ பால் குறையும் காலம். மரம் தன் சத்தைத் துளிருக்குக் கொடுத்துவிடும். வாளி நிறையாது, சம்பளமும் நிறையாது. ஜனவரியில் பள்ளிச் செலவு, அடுத்துத் தைப்பூசம், அதற்கும் அடுத்து இது. மளிகைக்கடைக் கடன் புத்தகத்தில் எங்கள் பக்கம் நீண்டது அந்த மாதங்களில்தான். வசந்தத்தைப் பற்றிப் பாட்டெழுதியவர்கள் யாரும் பால் வெட்டியிருக்க மாட்டார்கள்!

நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது அந்த மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். 1917இல் கோல சிலாங்கூர் பக்கம், தென்னமரம் தோட்டத்தில் (பெயரைப் பாருங்கள்) வணிகப் பயிராகத் தொடங்கியது. இன்று பந்திங்கைச் சுற்றிலும் அதுதான். ஆண்டு முழுதும் காய்க்கும். மட்டையை நாம்தான் வெட்ட வேண்டும், மொத்தமாக உதிராது. மார்ச்சும் செப்டம்பரும் ஒரே பச்சை. அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார், வருமானம் ஓரளவு சீரானது. அதனால் செம்பனையைப் பற்றி அவரிடம் குறை சொல்லவே முடியாது.

போன மார்ச்சில் உறவினர் ஒருவரின் சிறு ரப்பர் தோட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். நிகழ்ச்சிக்காகச் சருகுச் சத்தத்தைப் பதிவு செய்ய ஆசை. கருவியைத் தரையருகே நீட்டியபடி நான் நடக்க, அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "ரேடியோ இருக்கட்டும்யா, சருகுக்குள்ள பாம்பு கிடக்கும், பார்த்து நட!"

அதுவும் பதிவாகியிருக்கிறது.