மண்ணுக்கடியில் ஒரு கரும்பு

ஜெர்மனியில் சர்க்கரை மண்ணுக்கு அடியில் விளைகிறது. கரும்புத் தோட்டத்தில் வளர்ந்து, கரும்பு பதிவு செய்வதிலும் வெட்டு உத்தரவு கொடுப்பதிலுமே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு அது படித்த செய்தியாக மட்டுமே இருந்தது. எங்கள் ஊர் திருவாலங்காடு. வெளியூர்க்காரர்களுக்கு அது ரத்தின சபை, காளியோடு நடராஜர் போட்டியிட்டு ஆடிய தலம். சுற்றுவட்டார விவசாயிக்கு அது ஆலை இருக்கிற ஊர். பெயரில் திருத்தணி என்று இருந்தாலும் அந்தக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்பது எங்கள் ஊரில்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் மேற்படிப்புக்கு என்று மாக்டபர்க் நகரத்துக்குப் போய், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டான். "வர்றதா இருந்தா அக்டோபர்ல வாங்கப்பா, இங்க அரவை அப்பதான்" என்றான். நானும் மனைவியும் கிளம்பினோம். இன்னும் புரட்டாசி முடியவில்லை என்பதால் கவிச்சி கிடையாது என்று விமானம் ஏறும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிபந்தனைதான் ஜெர்மனியின் சாப்பாட்டை எங்களுக்குச் சரியான வரிசையில் காட்டியது என்று இப்போது தோன்றுகிறது. இறைச்சி இல்லாமல் போனால் ரொட்டி, உருளைக்கிழங்கு, பால், பாகு என்று மண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மாக்டபர்க் எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. நகரத்தை விட்டு மேற்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத சமவெளி. பார்ப்பதற்கு அழகென்று சொல்ல முடியாது. காற்றாலைகளும் உழுத நிலமும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தால் கை கறுத்துப்போகிறது. பனியுகத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் உருவான கரிசல் அது. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெர்மனி முழுக்க நிலங்களை அளந்து தரம் பிரித்தபோது, இந்தச் சமவெளியில் உள்ள ஐக்கன்டார்ஃப் என்ற கிராமத்து மண்ணுக்கு 100 என்று மதிப்புப் போட்டு, நாட்டின் மற்ற நிலங்களை எல்லாம் அதை வைத்தே எடைபோட்டார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தால் பரப்பளவோடு சேர்த்து அந்த எண்ணையும் சொல்வார்.

என்னைத் திகைக்க வைத்தது மழைக்கணக்கு. ஹார்ஸ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மேகத்தைத் தடுத்துவிடுவதால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வது அதைப் போல இரண்டு மடங்கு. அப்படியும் எங்கள் பக்கம் போர்வெல் இல்லாமல் கரும்பு இல்லை. இங்கே சர்க்கரைக் கிழங்குக்குப் பெரும்பாலும் பாசனமே கிடையாது. மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதோடு வெயிலும் குறைவு.

சர்க்கரைக் கிழங்கு நம் பீட்ரூட்டின் பங்காளி. நிறம் மட்டும் வெள்ளை. ஏறக்குறைய ஒரு கிலோ எடை, அடியில் கூம்பிய உருவம். மார்ச், ஏப்ரலில் விதைத்து செப்டம்பரில் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். ஆறு வரிசையை ஒரே ஓட்டத்தில் இலை கழித்து, தோண்டி, மண் உதறித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் இயந்திரம் ஒன்று வயலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நீளமாகப் போர் போட்டு, உறைபனி தாக்காமல் மேலே கம்பளம் மாதிரி ஒன்றைப் போர்த்துகிறார்கள். போரை அள்ளி லாரியில் ஏற்ற இன்னொரு இயந்திரம். அதற்கு எலி என்று பெயர். எங்கள் பக்கம் இருபது முப்பது ஆட்கள் சோகை உரித்து, வெட்டி, கட்டுக் கட்டித் தலைச்சுமையாக டிராக்டரில் ஏற்றும் வேலையை இங்கே மூன்று பேர் முடித்துவிடுகிறார்கள்.

வரப்போரம் நின்றிருந்த வயதான விவசாயியிடம் மகன் போய் என்னைப் பற்றிச் சொன்னான். அவர் ஒரு கிழங்கை எடுத்து, பேனாக்கத்தியால் துண்டு போட்டு நீட்டினார். முதல் கடியில் நல்ல இனிப்பு. விழுங்கும்போது மண்வாசனை தொண்டையில் நின்றது. கிழங்கில் 16 முதல் 18 சதம் சர்க்கரை. எங்கள் ஆலைகளில் நூறு கிலோ கரும்புக்கு ஒன்பது, பத்து கிலோ சர்க்கரை கிடைத்தால் நல்ல பருவம். அவர் கேட்ட முதல் கேள்வி, கரும்பு எத்தனை மாதப் பயிர் என்பது. பத்து, பன்னிரண்டு மாதம், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பும் வரும் என்றதும் புருவத்தை உயர்த்தினார். இரண்டாவது கேள்வி, டன்னுக்கு என்ன விலை. அதற்குப் பிறகு நாங்கள் பேசியதை மகன் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை உற்பத்திக்கு வைத்திருந்த கோட்டாவை 2017-இல் எடுத்ததிலிருந்து விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடிவதில்லையாம். இத்தனைக்கும் ஸூட்சுக்கர், நோர்ட்சுக்கர் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களிலும் பெரும்பங்கு கிழங்கு விவசாயிகளின் கையில்தான் இருக்கிறது.

பக்கத்திலேயே க்ளைன் வான்ஸ்லேபன் என்ற சிற்றூர். 1838-இலிருந்து அங்கே சர்க்கரை காய்ச்சுகிறார்கள். இன்று உலகமெங்கும் விதை விற்கும் கே.டபிள்யூ.எஸ். நிறுவனம் 1856-இல் பிறந்ததும் அங்கேதான். 1945-இல் சோவியத் படை வந்து சேருமுன் ஆங்கிலேயர்கள் அதன் ஆய்வாளர்களையும் மூல விதைகளையும் மேற்கே ஐன்பெக் நகரத்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். ஆலைக்குள் போக அனுமதி கேட்டு நாங்கள் எழுதவில்லை. வேலிக்கு வெளியே நின்றே பார்த்தோம். எடைமேடை, லாரி வரிசை, வானத்துக்கு ஏறும் வெள்ளை ஆவி. எங்கள் ஆலையின் புளித்த கழிவுப்பாகு வாடைக்குப் பதில் வேகவைத்த கிழங்கு வாடை. கிழங்கைச் சீவி, வெந்நீரில் ஊறப்போட்டுச் சாற்றை இறக்குகிறார்கள். பிழிவதற்கு உருளை கிடையாது. எஞ்சிய சக்கை மாட்டுக்குப் போகிறது. கரும்பாலைக்கு அதன் சக்கையே எரிபொருள், மிச்சத்துக்கு மின்சாரமும் எடுக்கலாம். இங்கே கொதிகலனுக்கு வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் நம் கரும்பு ஜெயிக்கிறது.

கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கலாம் என்று 1747-இல் காட்டியவர் பெர்லின் வேதியியலாளர் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் கார்ல் ஆகார்ட், பிரஷ்ய மன்னரின் பண உதவியோடு 1801-இல் சைலீசியாவின் கூனெர்ன் கிராமத்தில் உலகின் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையைக் கட்டினார். அந்த இடம் இப்போது போலந்தில் இருக்கிறது. 1806-இல் ஆங்கிலேயச் சரக்கு ஐரோப்பாவில் இறங்கக் கூடாது என்று நெப்போலியன் தடை போட, கடல் கடந்து வந்த கரும்புச் சர்க்கரை நின்றுபோனது. கிழங்குக்கு யோகம் அடித்தது அப்போதுதான்.

சர்க்கரை காய்ச்சும் கதையில் மாக்டபர்க் நகரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதன் மேயராக இருந்த ஒட்டோ ஃபான் குரிக்கே, 1650-களில் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை இறைத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாததைக் காட்டியவர். பள்ளிக்கூடத்தில் படித்த படம். அவர் சிலைக்குக் கீழே நின்றபோதுதான் எங்கள் ஆலையில் பாகு காய்ச்சும் பான் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. பாகைத் திறந்த கொப்பரையில் காய்ச்சினால் கருகும். காற்றை இறைத்த பானில் அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எங்கள் பான்மேன்கள் கண்ணாடித் துண்டில் பாகைத் தடவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கெல்லாம் மூலவர் இந்த மேயர்தான். சிலையைப் படமெடுத்து ஓய்வுபெற்ற பான்மேன் ஒருவருக்கு அனுப்பினேன். "யார் சார் இவரு, சேர்மனா?" என்று பதில் வந்தது.

இனிச் சாப்பாடு. "அவங்களுக்கு ரொட்டியும் பன்றியும்தான்" என்று நம் ஆட்கள் ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். அது சோம்பேறித்தனம். தமிழ்நாட்டுச் சாப்பாடு இட்லி என்று சொல்வதற்குச் சமம். வடக்கும் கிழக்கும் மணற்பாங்கு. குளிருக்கும் ஏழை மண்ணுக்கும் அசையாத ரை தானியம் அங்கே விளைகிறது, அதனால் ரொட்டி கறுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கிறது. தெற்கே சுவாபியாவில் கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, பலகையில் வைத்துக் கொதிநீரில் சீவிப் போடும் ஷ்பெட்ஸ்லே. பவேரியாவில் உருண்டை பிடித்த கொழுக்கட்டை. கடற்கரையில் ரொட்டிக்கு நடுவே ஊறவைத்த மீன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரொட்டி வகைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புங்கள். ராத்திரி மட்டும் அடுப்பே பற்றவைக்காமல் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி என்று முடித்துக்கொள்வது எனக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. அந்தக் குளிரில் ஒரு கிண்ணம் ரசம் வைக்க என்ன கேடு?

உருளைக்கிழங்கை இவர்கள் வாயில் ஏற்றியவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக். 1756-இல் பயிரிடச் சொல்லி உத்தரவே போட்டார். பாட்ஸ்டாம் அரண்மனைத் தோட்டத்தில் அவர் சமாதிக் கல்லின் மேல் இன்றும் ஜனங்கள் பூவோடு உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் போனபோது ஏழெட்டுக் கிடந்தன. அதில் ஒன்று முளைவிட்டிருந்ததை மனைவி கவனித்தாள்.

புரட்டாசி முடிந்ததும் மகன் எங்களைத் துரிங்கியா சாசேஜ் கடைக்குக் கூட்டிப் போனான். 1404-ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே பெயர் இருக்கிற பண்டம். கரியடுப்பில் வாட்டி, கடுகு விழுது தடவி, சின்ன ரொட்டியில் சொருகித் தருகிறார்கள். அருமை. பெர்லினில் 1949-இல் பிறந்த கறிவூர்ஸ்ட் அப்படி இல்லை. சாசேஜ் மேல் தக்காளிச் சாஸ் ஊற்றி மசாலாப் பொடி தூவியது. அதற்கு ஊரெல்லாம் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று விளங்கவில்லை.

சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரைத் தேடிப் போனதற்குக் காரணம் தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்து இறங்கித் தமிழ் கற்று, தமிழில் அச்சிட்ட சீகன்பால்க் 1682-இல் பிறந்த ஊர் அது. அவர் படித்த ஹாலே நகரத்தின் ஃபிராங்கே நிறுவனத்தில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர்களுக்கோ வேறொரு பெருமை: 1558-இலிருந்து அடுமனை உரிமை பெற்ற மிளகு கேக். கொழுப்பே சேர்க்காமல் மாவையும் பாகையும் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவைத்து, பட்டை, கிராம்பு, ஏலம், மல்லி போட்டுச் சுடுகிறார்கள். மசாலா மணத்தில் வளர்ந்த பையன் மசாலா விளையும் திசைக்கே கப்பலேறியிருக்கிறான். கேக்கில் இருந்த பாகு எது என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன். கிழங்குப் பாகு.

அந்தப் பாகை இன்னும் தாராளமாகப் பார்க்க ரைன் நதிப் பக்கம் போக வேண்டும். கிழங்கை வேகவைத்துப் பிழிந்து, வெள்ளையாக்காமல் அப்படியே கறுப்பாகச் சுண்டக் காய்ச்சியது. உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடைமேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். வெல்லப்பாகின் ருசி, கடைசியில் லேசான இரும்பு வாடை.

போகும் வழியில் வெஸ்ட்ஃபாலியாவின் ஹாம் நகரத்தில் இறங்கினோம். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. தொழிற்பேட்டைக் கொட்டகைகளுக்கு நடுவில் சட்டென்று ஒரு கோபுரம். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஜனம் திரளுமாம். தீர்த்தம் பக்கத்துக் கப்பல் கால்வாயில். பிரசாதத் தொன்னையோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மா எந்த ஊர் என்று கேட்டார். மனைவி சொன்னதும், "காரைக்கால் அம்மையார் தலையால நடந்து போன ஊரெல்லோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சென்னையிலேயே பலபேருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஊர் எங்களுடையது.

பேச்சு சாப்பாட்டுக்கு வந்தது. "நாங்கள் இஞ்ச வந்த புதுசில சக்கரைக்கு எங்க போறது? ரொட்டிக்குப் பூசுற இந்தக் கறுத்தப் பாணியை விட்டுத்தான் பொங்கினனாங்கள். அம்பாள் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். பிறகு, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்று எழவிடாமல் உட்கார வைத்தார். அரிசி, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. ஜெர்மனியில் நான் சாப்பிட்டவற்றில் இதையும் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கிறேன். அதே வெஸ்ட்ஃபாலியாவில்தான் குறைந்தது பதினாறு மணி நேரம் ஆவியில் வேகும் பும்பர்நிக்கல் ரொட்டியும். மேலோடு இல்லாமல் கறுப்பாக, இனிப்பாக இருக்கும். ஒரு துண்டுக்கு மேல் முடியாது.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய ஓட்டலைத் தேடி அலையாதீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் ரொட்டிக்கடையில் நுழைந்து, இங்கே மட்டும் கிடைப்பது எது என்று கேளுங்கள். கிழங்கு அரவை பார்க்க அக்டோபர், நவம்பர் தோது. பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. பாகு வாங்குவதானால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெட்டிக்குள், நாலு துணி சுற்றி வையுங்கள்.