குருவி நட்ட காந்தாரி

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம் போகும். நான் அத்தை வீட்டுப் பக்கம் நடப்பேன். இந்த முறை மனசு கொஞ்சம் கனத்தது. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கப் போவதாக அத்தை மகன் போனில் சொல்லியிருந்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஈர மண்ணில் அத்தை ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அவனுக்குப் பயம்.

கேட்டைத் திறந்ததும் குரோட்டன்ஸ் வரிசை. ஒரே செடியில் மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு! போன வருடம் ஒரு கொம்பு ஒடித்துப்போய் சென்னை பால்கனியில் வைத்தேன். வேர் பிடித்தது, ஆனால் புதிதாக வந்த இலையெல்லாம் வெறும் பச்சை.

"வெயில் படாத இடத்துல வெச்சா நிறம் எப்படி வரும்?" என்றார் அத்தை. உண்மைதான். வெளிச்சம் குறைந்தால் இலையில் பச்சையம்தான் மிஞ்சும். நல்ல வெயில் பட்டால்தான் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாகத் தெரியும். கொம்பு ஒடிக்கும்போது வடிகிற பால் மட்டும் தோலில் படக்கூடாது, சிலருக்கு அரிக்கும்.

கிணற்றடியில் காந்தாரி மிளகாய். மற்ற மிளகாய்போலத் தொங்காமல், வானம் பார்த்து நிற்கும் குட்டிக் காய்கள்.

"இதை நான் நடல மக்களே. கொண்டைக்குருவி போட்டது."

மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. பழத்தை விழுங்கிவிட்டு, எச்சத்தோடு விதையை வேறிடத்தில் போட்டுவிடும். ஒரு காலத்தில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்த மிளகாய், இன்று குமரி மாவட்டத்துக் கொல்லைகளில் தானாக முளைப்பது இப்படித்தான்.

மதியம் அவித்த மரச்சீனிக்கிழங்கு. காந்தாரி, சின்ன உள்ளி, உப்பு மூன்றையும் அம்மியில் நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய, மூன்றாவது முறை கிழங்கு கேட்டான் அத்தை மகன்.

அத்தை மெதுவாகக் கேட்டார்: "எல்லா இடமும் கல்லு போட்டா, குருவி எங்கடா விதை போடும்?"

அவன் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியோடு வந்து கோடு போட்டான். கேட்டிலிருந்து வாசல்படி வரை நடைபாதைக்கு மட்டும் கல். கிணற்றடியும் மதில் ஓரமும் மண்ணாகவே இருக்கும்.

ஊர் திரும்பும்போது பையில் ஒரு குரோட்டன்ஸ் கொம்பு, காகிதத்தில் மடித்த நாலு காந்தாரிப் பழம். இந்த முறை பால்கனி இல்லை. நேரே மொட்டை மாடிதான்!