சுபஹுக்கு முந்திய தண்ணீர்

நீர்மாதிரி எடுக்கும் வேலையில் இருப்பவர்களின் நாள் பெரும்பாலும் காலை 10 மணிக்குத்தான் தொடங்கும். வாகனம் கிடைக்க வேண்டும். குளிர்பெட்டிக்கு ஐஸ் வாங்க வேண்டும். மின்கடத்துதிறன் கருவியை நியமக் கரைசலில் தோய்த்து 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கொலிபோம் பார்க்க எடுத்த தண்ணீரை 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது நல்லது. ஆய்வுகூடமோ பிற்பகலில் பூட்டிவிடும். ஆகவே, ஊர் தன் தண்ணீரை என்ன செய்கிறது என்று அறிய நாங்கள் போய்ச் சேர்வது, ஊர் தண்ணீரை அதிகம் தொடாத நேரத்தில்.

கல்முனைக் கரையில் தண்ணீரின் நாள் சுபஹுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஹவுளு நிரம்புவதற்காகப் பாங்குக்கு முதலே பள்ளிவாசல் மோட்டார் ஓடும். அதே அரை மணியில் வளவுக்கு வளவு மோட்டார் போடுவார்கள். குளிப்பு, வுழூ, அடுப்படி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரம் எல்லாம் ஏழரைக்குள் முடிந்துவிடும். மணலில் தண்ணீர் விரைந்து ஊறும்; 10 மணிக்கு நான் அளவுநாடாவை இறக்கும்போது நீர்மட்டம் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறி நிற்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் இன்னொரு இறக்கம் உண்டு. எந்த மாதத்தில் ஹவுளு எத்தனை நிமிடத்தில் நிரம்பும், எப்போது தண்ணீர் சவர்க்கத் தொடங்கும் என்பதெல்லாம் மோட்டாரைப் போடும் மோதினாருக்குத் தெரியும். கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் அவரிடம் போய்க் கதைப்பது என் வழக்கம்.

மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது வழியாக நிந்தவூர் வரை இந்தக் கரை ஒரு மணற்பட்டி. கிழக்கே கடல், மேற்கே வட்டை, அதாவது கல்லோயாத் திட்டத்து நீர் பாய்ந்து வடியும் நெற்காணி. இரண்டுக்கும் நடுவே வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் ஊர்கள். அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை தந்தது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வாடை மழை மணலுக்குள் இறங்கி, கறியின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் கைபனும், சற்றுப் பின் ஜெர்மனியில் ஹெர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்நீரின் அடர்த்தி 1.025, அதனால் நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை இருக்கும். இங்கே மணற்படை அவ்வளவு ஆழமில்லை, கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பயம் வரும்: மேலே நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்பு 40 சென்ரிமீற்றர் ஏறப் பார்க்கும்.

2004 டிசம்பர் 26 இந்தக் கணக்கை ஊருக்கே நடத்திக் காட்டியது. இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. கடல் கிணறுகளுக்குள்ளும் இறங்கியது. உதவ வந்தவர்கள் மோட்டார் வைத்து இறைத்தார்கள்; உப்பு போகவில்லை என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்கள் கண்டது வேறு. உப்பைக் கழுவியது பெரும்பாலும் மழை. மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பை மேலே இழுத்துவிடும் ஆபத்துத்தான் கூடுதல். ஒரு கிணற்றை எப்போது விட்டுவிட வேண்டும் என்று சொல்வதும் அளவையின் வேலை.

உப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் நாக்குக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாதது நைத்திரேற்று. அது எவ்வளவு இருக்கும் என்று கணிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. எனக்குப் பிடித்த மாதிரியுரு ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.

ஒரு ஹெக்டேயரில் 100 பேர் என்று வையுங்கள். எங்கள் ஊர்களுக்கு இது அதிகப்படி அல்ல. ஓர் ஆள் வருடத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசனை மலசலகூடக் குழிக்குள் விடுகிறார். மொத்தம் 400 கிலோ. பாதி வாயுவாகவும் கல்லி பவுசரிலும் போய்விட்டது என்று தாராளமாகவே கழிப்போம். 200 கிலோ மணலுக்குள் இறங்குகிறது. அதைக் கரைக்க என்ன இருக்கிறது? வருட மழையில் அரை மீற்றர் அளவு நிலத்துக்குள் போகும் என்று கொண்டால் 5000 கனமீற்றர். வகுத்துப் பார்த்தால் லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைதரசன். நைத்திரேற்றாகச் சொன்னால் ஏறத்தாழ 177. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. புட்டிப்பால் குடிக்கும் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய் உடல் நீலம் பாரிக்கும் நோயை வைத்து வகுத்த எல்லை அது.

இந்தக் கணக்கில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அனுமானம். அப்படி இருப்பதுதான் அதன் பலம். எந்த அனுமானம் விடையை அதிகம் ஆட்டுகிறது என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மழை அளவைக் கொஞ்சம் மாற்றினால் விடை கொஞ்சம் மாறும். ஆட்களின் நெருக்கத்தை இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இத்தனை அடி இருக்க வேண்டும் என்ற விதி இந்த நெருக்கத்தில் அதிகம் காப்பாற்றாது. என் கிணறு என் குழிக்குத் தள்ளி இருக்கும். மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டுக் குழிக்கு அருகில் இருக்கும். ஊர்க் குப்பை அஷ்ரப் நகர்ப் பக்கத்துப் பள்ளக்காட்டுக்குப் போய், யானைகள் அதைக் கிளறித் தின்னும் படம் உலகம் சுற்றியது, எல்லாரும் வருந்தினார்கள். குழி நைதரசன் எங்கும் போகவில்லை, அதைப் படமெடுக்கவும் முடியாது.

அடுத்த மாற்றம் குழாய்நீர். மேற்கே இருந்து வரும் அந்தத் தண்ணீர் ஊருக்குப் பெரிய அருள். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் மாதிரியுருவில் அது ஒரு வரியை மாற்றிவிடுகிறது. முன்பு அதே கிணற்றிலிருந்து அள்ளி அதே மணலில் விட்டோம், வரவுசெலவு சமன். இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லீற்றர் வெளியிலிருந்து வருகிறது என்று வைத்தாலும், அந்த ஹெக்டேயருக்கு வருடம் 3650 கனமீற்றர் புதிய தண்ணீர். நைத்திரேற்று 177இலிருந்து 102க்கு இறங்கும். நல்லதுதானே? ஆனால் அந்தத் தண்ணீரும் மணலுக்குள்தான் போகிறது, கிணற்றிலிருந்து இறைப்பதும் குறைகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் முன்னிலும் மேலே வந்து குழியின் அடியைத் தொடும். வளவில் தண்ணீர் வடிய நாள் கூடும். கழிவுநீர்க் கால்வாய் இல்லாமல் குழாயை மட்டும் கொண்டுவந்த எந்த மணல் ஊருக்கும் வரக்கூடிய நிலை இது.

அப்போது நைத்திரேற்று அளவைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே காய்ந்த மணல் இருந்தால், அங்கே காற்று இருக்கும். பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். தண்ணீர் குழிவரை ஏறிவிட்டால் காற்றில்லை. அமோனியா அமோனியாவாகவே கிணற்றுக்கு வரும், கூடவே கொலிபோமும். மார்கழியில் நைத்திரேற்று குறைந்த கிணறு ஆனியில் கூடிய கிணற்றைவிடக் கெட்டதாக இருக்கலாம். “இந்தத் தண்ணி குடிக்க ஏலுமா மனே?” என்று கேட்கும் ராத்தாவுக்கு, எந்த மாதத்துத் தண்ணீர் என்று கேட்காமல் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

தோணாவுக்கு மாதம்கூடப் போதாது, மணி வேண்டும். சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடற்கரை மேட்டுக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீரில் வீட்டுக் கழிவுநீர் சேர்ந்து பாசி செழிக்கும். பகலில் பாசி ஒட்சிசனை விடும். பிற்பகல் 2 மணிக்கு அளந்தால் தோணா ஆரோக்கியமான நீர்நிலை என்று கருவி சான்றிதழ் கொடுக்கும். இரவில் அதே பாசி ஒட்சிசனைக் குடிக்கும். விடியுமுன் மிகக் குறைந்த அளவுக்குப் போகும். மீன் செத்து மிதப்பதைச் சுபஹ் தொழுதுவிட்டு வருபவர்கள் காண்கிறார்கள், நாங்கள் 10 மணிக்குப் போய் மீன் ஏன் செத்தது என்று தெரியவில்லை என்று எழுதுகிறோம்.

வெப்பத்திலும் இதே கதைதான். பல ஆராய்ச்சிகள் நம்பும் லான்ட்சாட் செய்மதியும் ஒரு 10 மணிக்காரன்; காலை 10 மணியளவில்தான் ஊரைக் கடக்கிறது. அது காண்பது தகரத்தினதும் தாரினதும் மேற்பரப்புச் சூட்டை. மனிதர் மூச்சுவிடும் காற்றின் சூட்டை அல்ல. இரவில் கடக்கும் மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி 1 கிலோமீற்றர். எங்கள் மணற்பட்டியில் அந்தப் புள்ளிக்குள் பாதி கடல் வந்துவிடும். வானிலைத் திணைக்களத்தின் பழைய நிலையங்கள் வடக்கே மட்டக்களப்பிலும் தெற்கே பொத்துவிலிலும். நடுவில் நாம்தான் அளக்க வேண்டும்.

நகரம் சூட்டைச் சேர்ப்பது பகலில், காட்டுவது இரவில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் லூக் ஹவார்ட், ஊருக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு இரவில்தான் கூடுதல் என்று எழுதிவைத்தார். எங்களுக்கு அதன்மேல் கச்சான் இருக்கிறது. ஆனி, ஆடியில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்க இறங்க அமுங்கிச் சூடேறி வரும் காற்று. அது பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று பிந்தும், சில நாள் வராது. கடலுக்கு அருகே வாழ்ந்தும் அன்று கடலால் பயனில்லை. சுவரும் பிளாட்டும் பகலில் குடித்த சூட்டை, ஒழுங்கைக்குள் வானம் தெரியாத அளவுக்கு வீடுகள் நெருங்கிய இடத்தில், நள்ளிரவு தாண்டியும் வெளிவிடும்.

இதை அளக்கும் முறை எளிது. 1927இல் வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் மோட்டார் காரில் வெப்பமானியைக் கட்டி நகரைக் குறுக்கே ஓடினார்; எங்களுக்கு மோட்டார் சைக்கிள் போதும். இஷா முடிந்து கடற்கரை வீதியில் தொடங்கி, பிரதான வீதியைக் கடந்து, வட்டை வரை போய், தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வேலை வீண்: நீங்கள் ஓடிய நேரத்தில் ஊர் முழுவதும் எவ்வளவு ஆறியது என்பதைக் கழிக்க முடியாது. எஞ்சின் சூடு படாத இடத்தில், வெள்ளை மறைப்புக்குள் வெப்பமானி இருக்க வேண்டும். சந்தியில் நின்று ஆட்களோடு கதைத்தால் அந்த அளவை எடுக்கக் கூடாது. இது கடினம், இரவில் கம்பியும் பெட்டியும் கட்டிக்கொண்டு போகிறவனை எங்கள் ஊரில் யார்தான் கேள்வி கேட்காமல் விடுவார்கள்?

இவ்வளவையும் அளந்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சும். எண் ஏறி இறங்குவது பருவத்தாலா, மனிதராலா? மழை, கச்சான், பெரும்போகம், சிறுபோகம் எல்லாம் ஒரே நாட்காட்டியில் வருகின்றன, பிரித்தெடுக்க முடியாது. 2020 ஊரடங்கும், 2021 மே மாதம் தொடங்கிய இரசாயன உர இறக்குமதித் தடையும் மனிதர் கை திடீரென விலகிய அருமையான சோதனைக் காலங்கள். முன்பிருந்தே தொடர்ச்சியாக அளந்துவந்தவர்களுக்கு மட்டும் பயன்படுபவை.

எங்கள் ஊர்களுக்கு வேறு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நோன்பு மாதத்தில் ஊர் முழுவதும் தண்ணீரை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது: ஸஹருக்குச் சமையல், தராவீஹுக்கு வுழூ, பகலில் அடுப்படி அடக்கம். இந்த மாதம் சூரிய ஆண்டில் வருடாவருடம் 10, 11 நாள் முன்னே வந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். பிறையோடு நகரும் மாற்றம் மனிதருடையது. தை, ஆடி என்று ஒரே இடத்தில் நிற்பது பருவத்துடையது. ஒரு பொறி உண்டு. பிறை அலையையும் ஆட்டும். அதனால் நோன்பின் முதற்பிறை வாரத்தை அதே மாதத்தின் நடுவாரத்தோடு ஒப்பிடக் கூடாது. ஷஃபானின் முதற்பிறை வாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பான் கழிவைத் தோணாவில் தேடுவோருக்கும் இதே விதிதான்.

அடுத்து வரும் வருடங்களில் நோன்பு மழைக்காலத்துக்குள் நுழைகிறது. 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் இன்னொரு முறையும் வரும். நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் கேட்பது இதுதான்: ஒரு கிணற்றைத் தெரிவுசெய்யுங்கள். சுபஹுக்கு முன்பும் இஷாவுக்குப் பின்பும் நீர்மட்டமும் மின்கடத்துதிறனும் எடுங்கள். கொப்பியில் ஆங்கிலத் திகதிக்குப் பக்கத்தில் பிறைத் திகதிக்கும், அதற்குப் பக்கத்தில் மணிக்கும் ஒவ்வொரு நிரல் போடுங்கள். மணி எழுதாத எண்ணை எங்களிடம் தரவேண்டாம்.