துப்பாக்கி ஏந்தாத கைகள்

ராணுவ முகாம் என்றதும் அணிவகுப்பும் துப்பாக்கியுமே பலர் நினைவில் எழும். நீலகிரியின் வெலிங்டன் கண்டோன்மென்டில் வளர்ந்த எங்களுக்கோ, தண்ணீர்க் குழாயே முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் தந்தையார் சீருடை அணியாதவர். ராணுவப் பொறியியல் சேவையில் பம்பு இயக்கும் பணியாளராய் இருந்தவர்.

1923-ல் அமைந்த அச்சேவைக்கு ஒவ்வொரு முகாமிலும் பொறுப்பேற்பவர் 'காரிசன் எஞ்சினியர்' எனப்படுவார். கட்டடங்களும் சாலைகளும் ஒரு பிரிவினரிடம்; மின்சாரமும் தண்ணீரும் மற்றொரு பிரிவினரிடம். குடியிருப்புக்குரிய கட்டில், நாற்காலிகளையும் இச்சேவையே வழங்கும். அரிசியும் எரிபொருளும் தருவது ஆர்மி சர்வீஸ் கோர். நோயுற்றோரைக் காப்பது ராணுவ மருத்துவப் பிரிவு. தெருத் துப்புரவு, விளக்கு முதலியவை கண்டோன்மென்ட் வாரியத்தின் பொறுப்பு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தின் தலைவர் படையதிகாரி. முதன்மை நிர்வாக அலுவலரோ சிவில் பணியைச் சேர்ந்தவர்.

படைக்குள் சிவிலியன்கள் எதற்கு என்று சிலர் வினவுவர். வீரர்கள் சில ஆண்டுகளில் வேற்றிடம் செல்வர். தந்தையாரைப் போன்றோர் பல்லாண்டுகள் அங்கேயே இருப்பர். எந்தச் சரிவில் எந்த வால்வு புதைந்துள்ளது, உறைபனி நாளில் எக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தந்தையார் ஓய்வுபெற்று அரசுக் குடியிருப்பை ஒப்படைத்த பின்னரும், அவருக்குப்பின் வந்தவர் எங்கள் வாடகை வீட்டைத் தேடிவந்து குழாய்களின் போக்கைக் கேட்டறிந்து சென்றதுண்டு. அவ்வறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்கவில்லை.

இன்று செலவைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள் 2021 மார்ச்சு 31-ஆம் நாள் மூடப்பட்டன. பால் வெளியே எளிதில் கிடைக்கும் காலத்தில் படைக்கென மாடு வளர்ப்பது தேவையற்றது எனலாம். ஊழியர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்திலேயே மாற்றுப்பணி தரப்பட்டது. ஆயினும் பாலை விலைக்கு வாங்குவது போல, ஓர் இடத்தைப் பற்றிய நீண்டகாலப் பழக்கத்தை வாங்கிவிட இயலாது. பணியிடங்களைக் குறைப்போர், செல்வோரிடமிருந்து வருவோர் கற்றுக்கொள்ளச் சில மாதங்களேனும் ஒதுக்குதல் நன்று.

குடியரசு நாள் அணிவகுப்பை நாம் பெருமிதத்தோடு காண்கிறோம். அவ்வீரர்கள் விழிக்குமுன் எழுந்து தண்ணீர் திறந்துவிட்டவரையும் அன்று ஒரு கணம் எண்ணிப்பார்ப்போமா?