கோபுரமும் அடிவாரமும்

மூன்றாம் ஆண்டு, சிவில்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் அடிவாரத்தைக் கண்டுகொள்வதில்லை. பஸ் நிற்கும், ஒரு டீ குடிப்பார்கள், மேலே போய்விடுவார்கள். கட்டடங்களுக்கும் இதே கதைதான் என்பதைச் சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

இயேசுவின் சீடர் புனித தோமையாரின் கல்லறை என்று போற்றப்படும் இடம் அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே ஒரு கோயில் எழுப்பினார்கள். 1893-இல் அதை இடித்துவிட்டு, கோதிக் பாணியில் கட்டிய இன்றைய கோயில் 1896-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கேப்டன் பவர் என்ற பொறியாளர். 1956-இல் 'பசிலிக்கா' என்ற தகுதியும் கிடைத்தது.

முகப்புக் கோபுரம் 155 அடி! எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். ஆனால் கூரையின் நடுவே இன்னொரு சின்னக் கோபுரம் இருக்கிறது. அது நிற்பது கல்லறைக்கு நேர் மேலே! பழைய கட்டடம் போனாலும், எந்த இடத்துக்காகக் கோயில் வந்ததோ அந்த இடத்தை மறக்கவில்லை.

ஜன்னல், வாசல் எல்லாம் கூர்வளைவு. அரைவட்ட வளைவு சுவரைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவோ அந்தத் தள்ளலைக் குறைத்து, சுமையைக் கீழே இறக்கும். ஆக, உயரத்தின் ரகசியம் தரையில்தான் இருக்கிறது.

என் அப்பா கொத்தனார். ஊர் திரும்பியதும் போட்டோவைக் காட்டினேன். கோபுரத்தை அவர் பார்க்கவே இல்லை. வளைவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு சென்ட்ரிங் அடிச்சவன் பேரு என்ன கண்ணு?" என்றார்.

நான் படித்த குறிப்புகளில் ஆயர் பெயர் உண்டு, பொறியாளர் பெயர் உண்டு. அப்பா கேட்ட பெயர் மட்டும் இல்லை.

மலைச்சரிவில் மண் சரியாமல் கல்லுக்கட்டு கட்டுவதில் அப்பா கைதேர்ந்தவர். முப்பது வருஷ உழைப்பு. கிரகப்பிரவேசத்துக்கு வேட்டி துண்டு கொடுப்பார்கள். வாசல் கல்லில் அவர் பெயரை யாரும் பொறித்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

தோழர்களே, நாளை நாமும் சைட்டில் நிற்போம், வரைபடத்தில் கையெழுத்துப் போடுவோம். கட்டடம் முடிந்ததும் பெயர்ப்பலகை வைப்பார்கள். அதில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரு வரி கேட்டு வாங்குவோமே! கல்லில் ஒரு வரி வெட்ட என்ன பெரிய செலவு ஆகிவிடும்?