கசாண்ட்ரா சொன்னால்

ஆபீஸில் தினமும் நான் மல்லுக்கட்டும் டேட்டாபேஸின் பெயர் கசாண்ட்ரா. ஃபேஸ்புக்கில் உருவாகி 2008-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பெயருக்குச் சொந்தக்காரி, ட்ராய் மன்னன் பிரியாமின் மகள். வருவதை முன்பே அறியும் வரத்தை அப்போலோ தந்தான். அவள் அவனை ஏற்க மறுத்ததும், அவள் வாக்கை யாரும் நம்பக்கூடாது என்று சபித்தான். மரக்குதிரை வேண்டாம் என்றாள். இழுத்து வந்தார்கள். ட்ராய் எரிந்தது.

இந்தப் பெயரைப் பிள்ளைக்கு யார் வைப்பார்கள்? வைத்திருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டினின் அம்மா, அக்கா இருவருமே கசாண்ட்ராதான்.

போன வருஷம், டீமுக்குப் புதிதாக வந்த பெண் "இந்த டிஸ்க் வெள்ளிக்கிழமைவரை தாங்காதுண்ணா" என்றாள். "பாத்துக்கலாம்மா" என்றேன். வியாழன் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ட்ராய்க்காரர்களுக்காவது பழிபோட ஒரு அப்போலோ இருந்தான். எனக்கு யாருமில்லை. அவள் புதுசு, அதனால் நான் கேட்கவில்லை. அவ்வளவுதான்.